மோட்டார் எஞ்சினில் எண்ணெய் படிந்த பிளக்கு: காரணமறியும் முறை

வங்காளத்தில் உத்தரபாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாஸிடர் கார் செய்வது 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டியைப் பேணி ஓட்டுவோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் உளர். கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஓர் ஊரில், முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்புக்கும், மாசி மகத்தின்போது பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும் சமயத்தில் உடன் செல்வதற்கும் வாடகைக்கு விடப்படும் பழைய பெட்ரோல் வண்டியொன்று ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு உதவியாயிருக்கக்கூடும். அத்தகைய வண்டி ஒரு நாள் காலையில் கிளம்ப மறுக்கிறது. அல்லது கிளம்பியும், நான்கு சிலிண்டர்களில் மூன்றே வேலை செய்ய, குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை கறுத்து, எண்ணெய் ஈரத்தோடு பளபளக்கிறது. “ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்” என்பதே பட்டறையில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு. சொந்தக்காரர் வீட்டிலுள்ள நகையை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு நடக்கிறார்.

அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானது; ஆனால் பரீக்ஷை செய்யாமல் கூறப்படுமாயின் அதை ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. பிளக்கு எண்ணெயை உண்டாக்குவதில்லை. வேறெங்கிருந்தோ வந்த எண்ணெய் அதன்மீது படிகிறது. அது வருவதற்கு ஐந்தாறு வழிகள் உள. அவற்றுள் எஞ்சினை இறக்கிப் பிரித்தாலன்றித் தீராதவை ஒன்றிரண்டே. எவ்வழி என்பதை ஒரு பிளக்குச் சாவி, வெள்ளைத் துணி, சிறிது பொறுமை ஆகியவற்றைக்கொண்டு பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே அறிந்துகொள்ளலாம்.

முதலில் பிளக்கு எவ்வாறு கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். மின்சாரப் பியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் அங்கே பார்த்தவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். பிளக்கின் நடுவே செல்லும் உலோகக் கம்பியைச் சுற்றியுள்ள வெண்மையான பாகமும் பீங்கான் வகையைச் சேர்ந்ததே. முற்காலத்தில் அதற்குச் சாதாரணப் பீங்கானும் அப்பிரகமும் பயன்பட்டன. 1930-களுக்குப் பின்னர் அலுமினா என்னும் அலுமினிய ஆக்ஸைடை மிகுந்த உஷ்ணத்தில் சுட்டுச் செய்யும் முறை பரவிற்று. மின்சாரம் பக்கவாட்டில் கசிந்துவிடாமல் நடுக்கம்பியின் முனைவரை சென்று, அங்கிருந்து எதிர்க்கம்பிக்குப் பொறியாகத் தாவும்படி செய்வதே இதன் வேலை. அம்பாஸிடரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் அவ்விடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது சுமார் 0.6 மில்லிமீட்டர். இச்சிறு வெளியைத் தாண்டுவதற்கே பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் வேண்டும்.

சுத்தமான எண்ணெய் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதன்று. எனவே எண்ணெய் பட்டவுடனே பிளக்கு செத்துவிடுவதில்லை. அவ்வெண்ணெய் அரைகுறையாக எரிந்து கரியாகிப் பீங்கான் மூக்கின்மேல் மேலிருந்து கீழ்வரை பூசிக்கொள்ளும்போதுதான் கேடு விளைகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். வெளியைத் தாண்டுவதற்குப் பதிலாக மின்சாரம் அக்கரிப் பூச்சின் வழியே இரும்பு உடலுக்கு இறங்கி விரயமாகிறது. பியூஸ் கட்டையில் அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் கசிவு உண்டாவது போலத்தான் இதுவும்.

பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் குறைந்த சூட்டில் கரி தங்கிவிடும். ஆகையால் ஊர்வலத்தின் பின்னே மணிக்கணக்காக ஊர்ந்து செல்லும் வண்டியிலும், கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரமே ஓடி நிற்கும் வண்டியிலும், எஞ்சினில் ஒரு பழுதும் இல்லாதபோதே பிளக்கு கறுப்பதுண்டு. இத்தகைய வண்டியை விருத்தாசலம் வரை நல்ல வேகத்தில் ஓட்டிச் சென்று திரும்பிய பிறகு பிளக்கைப் பார்ப்பதே நியாயம். அந்தப் பிரயாணத்தாலேயே கரி நீங்கிவிட்டால் செலவு அவ்வளவோடு முடிந்தது.

இனி, கழற்றும் முறை. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை ஊதி நீக்காமல் கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழும். ரேடியேட்டர் பக்கத்திலுள்ளது 1-ஆவது சிலிண்டர். அதிலிருந்து பின்னோக்கி 2, 3, 4. மின்கம்பிகளுக்கும் அவ்வாறே அடையாளம் வைக்க வேண்டும். இவ்வெஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2 ஆதலால், கம்பியை மாற்றி மாட்டிவிட்டால் புதிதாக ஒரு தொல்லை சேரும். கழற்றிய நான்கு பிளக்குகளையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் அதே வரிசையில் வைக்க வேண்டும். பட்டறைகளில் நான்கையும் ஒரே தகர டப்பாவில் போட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். எந்தச் சிலிண்டரில் எது இருந்தது என்ற சாட்சியம் அதோடு அழிந்துபோகிறது. சொந்தக்காரர் அருகிலிருந்து தடுக்க வேண்டிய காரியம் இதுவே.

கறுப்பெல்லாம் எண்ணெய்க் கறுப்பாகா. மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும். விளக்குப் புகை பிடித்தாற்போல் உலர்ந்து, வெல்வெட்டைப் போல் மங்கலாயிருந்து, விரலால் துடைத்தால் வந்துவிடுவது புகைக்கரி. பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்ததன் விளைவு. சோக் முழுவதும் திரும்பாமல் நிற்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, கார்புரேட்டரில் மிதவை சரியாக அடைக்கிறதா என்று பார்ப்பது போதும். எஞ்சின் உடலில் கை வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஈரமாயிருந்து பெட்ரோல் வாடை வீசுவது. அந்தச் சிலிண்டரில் பொறியே விழவில்லை என்று அதற்குப் பொருள். மூன்றாவது, ஈரமாகவும் கன்னங்கரேலென்று பளபளப்பாகவும், விரலிடை தேய்த்தால் வழுவழுப்பாகவும் இருப்பது எண்ணெய். ஐயமுண்டானால் பிளக்கின் முனையை வெள்ளைத் துணியில் ஒற்றி அத்துணியை வெயிலில் வைக்கலாம். பெட்ரோல் கறை சில நிமிஷங்களில் உலர்ந்து மறையும். எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவும் திட்டாக அப்படியே நிற்கும்.

நிறத்தைப்பற்றி ஒரு வார்த்தை. பழைய கைப்புத்தகங்களில் ஆரோக்கியமான பிளக்கு பழுப்பு நிறமாயிருக்கும் என்று எழுதியிருக்கும். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பேச்சு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. பின்னர் எத்தனாலும் கலக்கப்பட்டு வருகிறது. இக்காலத்தில் நல்ல பிளக்கு வெளிறிய சாம்பல் அல்லது இளம் மண் நிறமாயிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம்.

எண்ணெயே என்று தீர்ந்தபின் கேட்க வேண்டிய கேள்வி, நான்கிலுமா, ஒன்றிலா என்பது.

நான்கிலும் ஒரே மாதிரி படிந்திருந்தால், நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணத்தை முதலில் தேட வேண்டும்; அவற்றில் சில காசு செலவில்லாதவை. எண்ணெய் மாற்றும்போது பழையதை முழுவதும் வடிக்காமல் புதியதை அளவுப்படி ஊற்றியிருந்தால் மட்டம் மிஞ்சி நிற்கும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது பிரீதர் குழாய். எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் வாயு வெளியேறும் மூச்சுவழி அதுவே. அது அழுக்கேறி அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெயை மேல்நோக்கித் தள்ளும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பியால் குத்தி எடுத்தால் போதுமானது. மூன்றாவது, எண்ணெய்த் தொட்டியோடு கூடிய பழைய வகைக் காற்று வடிகட்டி. “புழுதி அதிகம், எண்ணெயும் அதிகமாக இருக்கட்டும்” என்று நினைத்து அதில் குறியிட்ட கோட்டுக்குமேல் ஊற்றிவிடுவோருண்டு. மிஞ்சிய எண்ணெயை எஞ்சின் காற்றோடு உறிஞ்சிக்கொள்ளும். வண்டிப் புத்தகம் கூறும் தரத்தைவிட நீர்த்த எண்ணெயை ஊற்றுவதும் இவ்வகையே. இவை யாவும் சரியாயிருந்தும் நான்கும் நனைந்தால்தான் தேய்மானத்தைச் சந்தேகிக்க இடமுண்டு.

ஒரே ஒரு பிளக்கில் மட்டும் எண்ணெயிருந்தால், பரீக்ஷை இன்னும் சுவாரசியமானது. அந்தச் சிலிண்டருக்குள் எண்ணெய் மிகுதியாக வருவதால் பொறி நின்றதா, அல்லது பொறி நின்றதால் வழக்கமாக வந்து எரிந்துபோகும் சிறிதளவு எண்ணெய் எரியாமல் தேங்கிற்றா? இரண்டிலும் பிளக்கு ஒரே மாதிரி காணப்படும். தேய்ந்த பழைய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஓரளவு எண்ணெய் எரிந்துகொண்டேயிருக்கும். கம்பி அறுந்தோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் கண்டோ ஒரு சிலிண்டரில் பொறி நின்றால், நெருப்பில்லாத அடுப்பில் ஈரம் சேர்வதுபோல அங்கே எண்ணெய் சேரும். இதைப் பிரித்தறிய வழி, மாற்றிப் பார்த்தல். உதாரணமாக, 3-ஆவது சிலிண்டரின் பிளக்கு நனைந்திருந்தால், அதைச் சுத்தம் செய்து 2-ஆவதிலும், 2-ஆவதன் பிளக்கை 3-ஆவதிலும் மாட்டி, 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பிளக்கோடு 2-ஆவதற்கு வந்துவிட்டால் பிளக்கே பழுது; புதிது ஒன்று வாங்கினால் தீர்ந்தது. 3-ஆவதிலேயே நின்றுவிட்டால் மின்கம்பியைப் புதிதாக மாற்றி, மூடியையும் துடைத்துப் பரிசோதித்து, மறுபடி ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் நனைந்தால் காரணம் சிலிண்டருக்குள்ளேதான் இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டால், எது குணப்படுத்திற்று என்பது தெரியாது.

பிளக்கை எஞ்சின் உடலில் படுக்கவைத்துப் பொறி பறப்பதைக் காட்டி, “பிளக்கு நன்றாயிருக்கிறது” என்று சொல்வது வழக்கம். இது அரைச் சாட்சியமே. திறந்த காற்றில் எளிதாகத் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுந்திய வாயுவின் நடுவே தாவ மாட்டாமல் கரி வழியே கசிந்துவிடலாம்.

சிலிண்டருக்குள் எண்ணெய் நுழையப் பெரிய வாயில்கள் இரண்டு. கீழிருந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி வருவது ஒன்று. மேலிருந்து வால்வுத் தண்டுக்கும் அதன் கைடுக்கும் இடையே இறங்குவது மற்றொன்று. முதலாவதற்கே பெருஞ்செலவு. இரண்டாவதற்குப் பல சமயங்களில், வால்வுத் தண்டிலுள்ள சிறு ரப்பர் வளையங்கள் சூட்டில் கெட்டிப்பட்டு உடைந்ததே காரணமாயிருக்கும். அவற்றின் விலை அற்பம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ரீபோருக்குச் சம்மதிப்பது, தலைவலிக்குக் காலில் சத்திர சிகிச்சை செய்துகொள்வதை ஒக்கும். ரீபோர் முடிந்து வந்தும் பழைய ரப்பர் வளையங்களே மாட்டப்பட்டிருந்தால், எண்ணெய் இறங்குவது நிற்காது. கடன் மாத்திரம் மிஞ்சும்.

பிரித்தறியப் புகை முதல் சாட்சி. எரியும் எண்ணெயின் புகை நீலநிறம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியவுடன் நீலப் புகை ஒரு முறை பொங்கி, ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டால், இரவில் வால்வுத் தண்டு வழியே சொட்டிய எண்ணெய் எரிகிறது என்று கொள்ளலாம். ஓட்டத்தில் பார்ப்பதற்கு மலைச்சரிவு உகந்தது. இப்பகுதியில் அது இல்லையாதலால், ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில் வேகமெடுத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானே வேகம் குறைய விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் புகையைக் கவனிக்கட்டும். காலை எடுத்தபோது உறிஞ்சு குழாயில் வெற்றிடம் மிகுந்து வால்வு கைடு வழியே எண்ணெயை இழுக்கும். மீண்டும் அழுத்தியவுடன் ஒரு கொத்து நீலப் புகை வரும். அவ்வாறின்றிப் பாரமேற்றி அழுத்தி ஓட்டும்போதெல்லாம் ஓயாமல் புகை வருமாயின் ரிங்குகளின்மீது சந்தேகம் வலுக்கும். பிளக்கின் மூக்கில் ஒரு பக்கம் மாத்திரம் கரி தடித்திருப்பதும் வால்வு வழியைக் குறிக்கும் ஓர் அடையாளமே. ஆனால் இதனை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது.

இரண்டாவது சாட்சி அழுத்தமானி. எஞ்சின் சூடாயிருக்க வேண்டும்; பாட்டரி நல்ல நிலையிலிருக்க வேண்டும்; நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் மின்தொடர்பை நீக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு துவாரத்திலும் மானியை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றி, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசமே முக்கியம். தனி எண் அவ்வளவு முக்கியமன்று. பின்பு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி, இரண்டொரு சுற்று சுழலவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். ஊற்றிய எண்ணெய் ரிங்குகளின் இடுக்கைச் சிறிது நேரம் அடைத்துக்கொள்ளும். ஆகவே அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர்ச் சுவரிலோ உள்ளது. ஏறாவிட்டால் அழுத்தம் வால்வு சரியாகப் பதியாமலோ, ஹெட் கேஸ்கெட் வழியாகவோ போகிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நான்கிலும் அளவு திருப்திகரமாயிருந்தும் பிளக்கு நனைவதே மிகவும் கவனிக்கத்தக்க நிலை. வால்வு கைடு வழியே எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் அழுத்தம் குறையாது. அத்தகைய எஞ்சினில் முதலில் ரப்பர் வளையங்களையே மாற்றிப் பார்க்க வேண்டும்.

மானி கிடைக்காத இடத்தில், கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் வசதியுள்ள பழைய வண்டியாயின் அதுவே உதவும். மின்சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பிளக்கை மட்டும் மாட்டி மற்ற மூன்றையும் கழற்றிவிட்டு மெல்லச் சுழற்றினால், அந்தச் சிலிண்டரின் எதிர்ப்பு கைக்குத் தெரியும். நான்கையும் இவ்வாறு ஒப்பிடலாம். நுட்பமான அளவு அன்றாயினும், முற்றும் சோர்ந்த சிலிண்டரை இது காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பர் வளையங்களை மாற்ற ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. பிஸ்டனைப் பாதி வழியில் நிறுத்தி, பிளக்குத் துவாரத்தின் வழியே சுத்தமான பருத்திக் கயிற்றை நுனி வெளியே நிற்கும்படி உள்ளே திணித்து, பிஸ்டனை மெல்ல மேலேற்றினால், கயிறு வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டுகளை எடுத்து வளையத்தை மாற்றலாம். கைடே தேய்ந்து தண்டு ஆடுமாயின் ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறைக்கு அனுப்ப நேரும். அப்போதும் எஞ்சின் வண்டியிலேயே இருக்கும்.

இதற்கெல்லாம் மாற்றாகச் சிலர் சூடு மிகுந்த பிளக்கைச் சிபாரிசு செய்வர். மூக்கு நீண்ட அப்பிளக்கு அதிகச் சூடேறி எண்ணெயை எரித்துவிடும் என்பது உண்மையே. ஊருக்குள் மெல்ல ஓடும் வண்டிக்கு ஒரு படி சூடானது சிறிது காலம் ஊன்றுகோலாயிருக்கும். ஆனால் அதே வண்டி கோடை வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு சென்னை நெடுஞ்சாலையில் விரையும்போது, மூக்கின் சூடு சுமார் 850 டிகிரிக்கு மேற்பட்டால், பொறி விழுமுன்னரே பெட்ரோல் தீப்பற்றிப் பிஸ்டனில் ஓட்டை விழவும் கூடும். எண்ணெய்க்குப் பயந்து எஞ்சினையே இழப்பதில் இலாபமில்லை.

சுத்தம் செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும். அடுப்பிலிட்டுப் பிளக்கைப் பழுக்கக் காய்ச்சும் வழக்கம் கைவிடத்தக்கது. சுட்ட பீங்கான் திடீர்ச் சூட்டிலும் குளிர்ச்சியிலும் மயிரிழை விரிசல் காணும் என்பதைச் சூளை வைத்திருப்போர் அறிவர், அவ்விரிசலோ கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் தூரிகையால் தேய்த்தால் உலோகத் துகள் பீங்கானில் கோடிட்டு, கரிக்குப் பதிலாகத் தானே மின்சாரத்தைக் கடத்தும். பெட்ரோலில் ஊறவைத்து நைலான் தூரிகையால் துலக்கி, முற்றிலும் உலர்த்தி, இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்த்து மாட்டுவதே உத்தமம். மணல் வீசிச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் கொடுத்தால், உட்குழியில் ஒரு மணலும் தங்காதபடி ஊதிப் பார்க்க வேண்டும்.

மேற்கூறிய பரீக்ஷைகள் யாவும் ரிங்கையும் சிலிண்டரையுமே சுட்டினால், வேலைக்குச் சம்மதிக்குமுன் சொந்தக்காரர் பட்டறைக்காரரிடம் சில அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டரின் குறுக்களவு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்பவை நான்குக்கும் எழுதப்பட வேண்டும். வித்தியாசம் அற்பமாயின் சுவரின் பளபளப்பை உரசி நீக்கிப் புது ரிங்குகள் இடுவதே போதுமானதாயிருக்கலாம். நெடுநாள் நின்றுகிடந்த வண்டியில் ரிங் தேயாமலே கரியில் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. தேய்மானம் மிகுதியாயின், இவ்வெஞ்சின் முன்னமே எத்தனை முறை ரீபோர் செய்யப்பட்டது, இன்னொரு முறை தாங்குமா அல்லது புது லைனர் அடிக்க வேண்டுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். செலவின் தொகை அதைப் பொறுத்தே மாறும்.

வேலை முடிந்து வந்த எஞ்சினில், புது ரிங்குகள் சுவரோடு பதியும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிளக்கில் சிறிது எண்ணெய் காணப்படுவது இயல்பு. அதைக் கண்டு உடனே பட்டறைக்காரரோடு சண்டையிட வேண்டாம். தேதி, ஓடிய தூரம், மேலும் ஊற்றிய எண்ணெயின் அளவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். எண்ணெய்ச் செலவு வாரத்துக்கு வாரம் குறைந்துவந்தால் ரிங்குகள் பதிந்து வருகின்றன. ஆயிரம் கிலோமீட்டர் கடந்தும் குறையவில்லையாயின், அந்த நோட்டையும், வரிசை மாறாமல் காகிதத்தில் சுற்றிய நான்கு பிளக்குகளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லலாம்.